இரண்டு பிஸ்கட்டும் ஏழு பற்களும்

இன்ஸ்பெக்டரின் பல்லைத் தொட இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உரிமை. அந்த ஒருத்தி நான். இதைச் சொல்லும்போது முன்பெல்லாம் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும்.

இன்ஸ்பெக்டர் என் தங்கை மகன். ஒன்பது வயது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீடு முழுக்க நடப்பான். ஒவ்வொரு குழாயையும் திருகிப் பார்ப்பான், ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்ப்பான், திருப்தி இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பான். அதனால் நான் வைத்த பெயர் அது. பேச்சு வரவில்லை. ஐந்து வயதில் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து காலையில் அரை மூடி, இரவில் ஒரு மூடி என்று ஒரு சிவப்பு மருந்து குடிக்கிறான். அவன் அப்பா கப்பலில் சமையல்காரர். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், வந்தால் பத்து நாள் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். தங்கை ஒரு பெரிய கடையில் பில் போடுகிறாள். காலை எட்டு மணிக்குப் போனால் திரும்ப இரவு ஏழாகிவிடும், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. புகுந்த வீட்டோடு ஒத்துவராமல் வந்தவள் நான். முன்னறையில் தையல் மெஷின் போட்டுக்கொண்டு, ஜிப் மாற்றுவது, பேண்ட் மடிப்பது, சீருடை தைப்பது என்று உட்கார்ந்த இடத்தில் பிழைக்கிறேன். ஆகவே பிள்ளை என் பொறுப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்தப் பிள்ளைக்குப் பல் விளக்கிவிடுவது லேசுப்பட்ட காரியமா? முதலில் பிரஷ்ஷைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். பேஸ்ட்டின் காரம் ஆகாது. நுரை ஆகாது. குழாயடியில் நின்றால் தண்ணீரைப் பார்ப்பானே தவிர வாயைத் திறக்க மாட்டான். ஒரு மாதம் வெறும் பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, சும்மா வைத்துக்கொள் என்று விட்டேன். அடுத்த மாதம் உதட்டில் தொட்டேன். அதற்கடுத்த மாதம் முன்பல். அவன் கடித்த தழும்பு இன்னும் என் ஆள்காட்டி விரலில் இருக்கிறது.

கடைசியில் வழி காட்டியது என் மெஷின்தான். நான் தைக்கும்போது பலகையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பான். அந்த அதிர்வு அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு நாள் அவனைக் குட்டி ஸ்டூலில் என் முழங்காலுக்கு முதுகு கொடுத்து உட்காரவைத்து, தலையை என் மடியில் சாய்த்து, இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, வாயாலேயே மெஷின் சத்தம் போட்டேன். ‘டர்ர்ர்’ என்று. ஒரு பல் ஒரு தையல். வரிசை முடிந்தால் நூலை அறுக்கிற மாதிரி நாக்கால் ஒரு சொடுக்கு. வாய் தானாகத் திறந்தது. கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய பிரஷ், மணம் இல்லாத பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, எட்டு மாதப் பாடு. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு வேறு யாரையும் கிட்ட விடவில்லை. தங்கை இரண்டு மூன்று தடவை, நானும் பழகிக்கிறேன் என்று வந்தாள். அவள் கை நடுங்கும், பிள்ளை மிரண்டுவிடுவான், இத்தனை நாள் உழைத்தது பாழாகிவிடும் என்று விரட்டிவிட்டேன். அவள் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள். போய்விட்டாள்.

சாயங்கால ஒழுங்கையும் நான்தான் வகுத்தேன். ஏழரைக்குச் சாப்பாடு, எட்டுக்குப் பல், எட்டேகாலுக்கு மருந்து, உடனே படுக்கை. இந்த வரிசையை யாரும் ஒரு இம்மி மாற்றக் கூடாது. மருந்து உள்ளே போன கால் மணியில் பிள்ளைக்குத் தூக்கம் சொக்கும். சொக்கிய பிறகு வாயில் பிரஷ் வைத்தால் எச்சில் புரையேறும். ஒரு தடவை ஏறி, முகம் நீலம் பாரித்து, என் உயிரே போய்வந்தது. இன்னொரு தடவை மருந்துக்கு மேல் தண்ணீர் கொடுத்து, அத்தனையும் வாந்தியெடுத்து, விடிந்ததும் வலிப்பு. அதனால் மருந்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவனும் அந்த மருந்தை உடனே விழுங்க மாட்டான். கன்னத்தில் ஒதுக்கிவைத்து மெதுமெதுவாக இறக்குவான். துப்பாமல் இருக்கிறானே, என் தங்கமே என்று தலையைத் தடவிவிடுவேன்.

இப்படி நான்கு வருஷம். காய்ச்சலிலும் தவறியதில்லை.

இந்த வருஷ ஆரம்பத்தில் பிள்ளை மாறினான். இடது பக்கம் மெல்லுவதை விட்டான். சாப்பிடும்போது பாதியில் எழுந்து, முஷ்டியால் தன் கன்னத்தில் தானே குத்திக்கொள்வான். தட்டை வீசுவான். பிரஷ் வைத்தால் என் கையைத் தள்ளினான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வளர்கிறான், பிடிவாதமும் வளர்கிறது என்று நினைத்தேன். விட்டுக்கொடுத்தால் பழைய கதை ஆகிவிடும் என்று தாடையை இன்னும் இறுக்கிப் பிடித்து, இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வலி என்று சொல்ல வாய் இல்லாத பிள்ளை. அந்த வாய்க்குள்தான் தினம் இரண்டு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். ஈறு ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அந்தச் சிவப்பு மருந்தின் கறை என்று விட்டுவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை தங்கையின் கைப்பையில் சில்லறை தேடியபோது ஒரு பிஸ்கட் உறை கிடைத்தது. நடுவில் க்ரீம் வைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அம்மாவும் பிள்ளையும் பூங்காவுக்குப் போவார்கள். அது ஒன்றுதான் அவர்கள் இருவருக்கும் என்று இருந்த நேரம். அங்கே அவனுக்கு ஒவ்வொரு வாரமும் இரண்டு பிஸ்கட் வாங்கிக் கொடுக்கிறாள், எனக்குத் தெரியாமல்; கேட்டதும் ஒப்புக்கொண்டாள். அன்றைக்கே அவன் கன்னம் வேறு வீங்கியிருந்தது. எனக்குள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கொதித்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றுகிற பல்லை, நீ வாரம் ஒரு நாள் அம்மா வேஷம் போட்டுக் கெடுக்கிறாயா என்று கேட்டேன். அம்மா வேஷம் என்று சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். அந்த வாரம் முழுக்க நான் விடவில்லை. சோற்றைப் போடும்போது ஒரு குத்தல், அவள் செருப்பை மாட்டும்போது ஒரு குத்தல்.

பல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி, நீள பெஞ்சு, சுவரில் சிரிக்கிற பல் படம். இன்ஸ்பெக்டர் அங்கிருந்த மூன்று குழாய்களையும் திருகிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். சாய்வு நாற்காலியில் ஏற மறுத்தான். டாக்டரம்மா சின்ன வயசு, அவசரப்படாதவர். நாற்காலி வேண்டாம் என்று சொல்லி, என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரே தானும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டார். பிள்ளையை என் பக்கம் முகம் பார்க்க உட்காரவைத்து அப்படியே பின்னால் சாய்த்தோம்; கால் என் இடுப்பில், தலை அவர் மடியில். நான் வெட்கப்படாமல் மெஷின் சத்தம் போட்டேன். வாயைத் திறந்தான். இந்த மாதிரிப் பிள்ளைகளில் இவ்வளவு அழகாகத் திறக்கிற பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்றார் டாக்டரம்மா. எனக்கு உச்சி குளிர்ந்தது.

பார்த்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பதினொரு பல் சொத்தை. நான்கை அடைத்துவிடலாம், ஏழைப் பிடுங்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் செய்துவிடுவோம், அடுத்த தேதி பன்னிரண்டு நாள் கழித்து என்றார். பால் பல்தானே, திரும்ப முளைத்துவிடும் என்று நான் சொன்னேன். பிடுங்குவதில் ஐந்துதான் பால் பல். கீழே கடைவாயில் இரண்டும் நிலையான பல், முளைத்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அவை இனிமேல் முளைக்காது என்றார்.

நான் உடனே பிஸ்கட் கதையை எடுத்துவிட்டேன். அவன் அம்மாவுக்கு அறிவில்லை என்பதுவரை சொன்னேன். டாக்டரம்மா எத்தனை பிஸ்கட் என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு. அவர் தலையை அசைத்தார். அதற்கு இவ்வளவு ஆகாது என்றார். காலையிலிருந்து படுக்கிறவரை என்னென்ன நடக்கும், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பெருமையோடுதான் சொன்னேன், ஏழரை, எட்டு, எட்டேகால் என்று.

மருந்து பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். அது இல்லாமல் நான் வாசல்படி தாண்டுவதில்லை. எடுத்துக் கொடுத்தேன். லேபிளைப் படித்தார். மூடியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு, இரண்டு விரலையும் சேர்த்துப் பிரித்துக் காட்டினார். பாகு மாதிரி ஒட்டியது.

“இத பல் விளக்கினதுக்கு அப்புறமா குடுக்குறீங்க?”

“ஆமாங்க. அப்புறம் ஒரு சொட்டு தண்ணிகூட குடுக்க மாட்டேன்.”

அவர் பாட்டிலை மூடி மேஜையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். இதில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். கசப்பு தெரியாமல் இருக்கப் போடுகிறார்கள். தூங்கும்போது வாயில் எச்சில் குறைவு, கழுவிவிட ஒன்றும் இல்லை. கன்னத்தில் ஒதுக்குகிறான் என்றால் இரவு முழுக்கப் பல் அதிலேயே ஊறியிருக்கும். மருந்தை நிறுத்திவிடாதீர்கள், அது உயிர் சமாச்சாரம். வலிப்பு டாக்டரிடம் சர்க்கரை இல்லாதது உண்டா என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கொடுங்கள். கொடுத்ததும், சொக்குவதற்கு முன்னால் பல் விளக்கிவிடுங்கள். முடியாத அன்றைக்கு ஈரத் துணியை விரலில் சுற்றியாவது துடைத்துவிடுங்கள். அவ்வளவுதான் என்றார்.

அவ்வளவுதானாம். வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் போதும்.

“இத உங்களுக்கு யாரும் சொல்லலையாம்மா?” என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். அது பொய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் ஒருத்தி சொன்னாள். மூடியைக் கழுவும்போது நக்கிப் பார்த்துவிட்டு, இது இவ்வளவு தித்திப்பா இருக்கேக்கா, குடுத்தப்புறம் வாயைத் துடைச்சுவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் கத்தரிக்கோலை மேஜையில் ஓங்கி வைத்து, பெரிய டாக்டர் வந்துட்டா என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்ட ஞாபகம்கூட அவளுக்கு இருந்திருக்காது; அவ்வளவு குட்டு என்னிடம் வாங்கியிருக்கிறாள்.

வீடு திரும்பும்வரை பஸ்ஸில் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். தங்கைக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிவிடுவாள். அவனை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், அந்த மெஷினைத் தவிர?

அவள் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“என்னக்கா சொன்னாங்க? பிஸ்கட்டாலதானா?”

“ஆமா,” என்றேன்.

ஒரே வார்த்தை. அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே வலிப்பு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். சர்க்கரை இல்லாதது வரவழைக்கப் பல நாள் ஆகும், அதுவரை நேரத்தை அரைமணி முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்றார். வரிசையை மாற்றினேன். மருந்து, உடனே பல், பிறகு படுக்கை. புரையேறவும் இல்லை, ஒன்றும் இல்லை. கை கொஞ்சம் வேகமாகப் போனால் சரியாக இருந்தது. அவள் இதைக் கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் என் முகத்தையே பார்க்காமல் நடமாடினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போகவில்லை. இன்ஸ்பெக்டர் ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி கதவருகே நின்றான். பத்து நிமிஷம், அரைமணி, ஒரு மணி. நான் மெஷினில் உட்கார்ந்து ஒரு பேண்டைத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன். அவள் உள்ளே படுத்துக்கொண்டு, என்னை நம்பி அவனை அனுப்ப வேண்டாம்க்கா, எனக்குக் கை சும்மா இருக்காது, ஏதாவது வாங்கிக் கொடுத்துவிடுவேன் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஷூவோடு நின்றான். சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வாய்வரை வரும். சொல்லவில்லை. கோபம் வந்தால் கொட்டித் தீர்க்கிற எனக்கு, இதற்கு மட்டும் வாய் வரவில்லை.

பிடுங்குகிற நாள் வந்தது. முந்தின ராத்திரியிலிருந்து அவன் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. பிள்ளை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒவ்வொரு கதவாகத் தள்ளிக்கொண்டே போனான். பச்சை உடை போட்டவர் வந்து கையைப் பிடித்தபோது, ஏதோ ஆய்வுக்குப் போகிற மாதிரி அவரோடு நடந்தான். கதவு மூடியது. தங்கை சுவரோடு சாய்ந்து நின்றாள்.

“ரெண்டு பிஸ்கட்டுக்கு ஏழு பல்லாக்கா? குடுக்காம இருந்திருக்கலாமே நான். சிரிக்கிறானேன்னு குடுத்தேன். அது ஒண்ணுக்குத்தான் அவன் என்னைப் பாத்துச் சிரிப்பான்.”

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“பிஸ்கட் இல்லடி.”

அவள் திரும்பினாள். சொன்னேன். பாட்டிலை, பாகை, தண்ணீர் கொடுக்காததை, அவள் கேட்டதை, நான் கத்தரிக்கோலை ஓங்கி வைத்ததை, எல்லாம் சொன்னேன். திட்டுவாள், கன்னத்தில் ஒரு அறை விடுவாள், அதோடு என் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன்.

“எவ்ளோ நாளா தெரியும் உனக்கு?”

“பன்னண்டு நாளா.”

அவள் விரல்களை மடக்கினாள். எண்ணுகிறாள் என்று புரிந்தது. நடுவில் வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினாள். பிறகு விலகிப் போய், வராந்தாவின் மறுகோடியில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பல்லைவிட அதுதான் அவளைக் குத்தியது. பல் விஷயத்தில் நான் தெரியாமல் செய்தேன். இதைத் தெரிந்தே செய்தேன்.

வெளியே கொண்டுவந்தபோது உதடு வீங்கி, ரத்தம் ஊறிய பஞ்சைக் கடித்தபடி கிடந்தான். மயக்கம் தெளிந்ததும் நாக்கை வாய்க்குள் அங்குமிங்கும் விட்டுத் துழாவினான். இல்லாத இடத்தில் நாக்கு நின்றது. மறுபடி முதலிலிருந்து துழாவ ஆரம்பித்தான். ஒவ்வொரு இடமாகப் போய், காணவில்லை என்று திரும்பி வந்தான். அதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

தங்கை ஒரு வாரம் லீவு போட்டாள். இனிமேல் பல்லை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தேன். புண் ஆறட்டும், மூன்றாவது நாளிலிருந்து மிச்சப் பற்களை மெதுவாக விளக்குங்கள், விட்டுவிட்டால் அவையும் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மூன்றாவது நாள் அவள் ஸ்டூலைப் போட்டாள். மடியில் சாய்த்தாள். அவன் உதட்டை மூடிக்கொண்டான். அவள் கெஞ்சினாள், கொஞ்சினாள். பிறகு, என்னிடம் கேட்டுக்கேட்டுப் பழகிய அந்தச் சத்தத்தைத் தானும் போட்டுப் பார்த்தாள். அறைக்குள்ளிருந்து அது கேட்டபோது என் மெஷினை நிறுத்திவிட்டேன். அவன் திறக்கவில்லை. நான்காவது நாளும் இல்லை. ஐந்தாவது நாள் அவன் தலையை உதறியதில் பிரஷ் அவள் கண்ணில் பட்டுச் சிவந்துவிட்டது. ஆறாவது நாள் அவன் கொட்டாவி விட்டபோது மிச்சப் பற்களின் மேல் மஞ்சளாகப் படிந்திருந்தது எனக்கே தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் முன்னறைக்கு வந்தாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. பிரஷ்ஷை நான் தைத்துக்கொண்டிருந்த துணிமேல் வைத்தாள்.

“வா. உனக்குத்தான் தொறப்பான்.”

நான் எழுந்திருக்கவில்லை. நீயே கொஞ்சம் பொறுமையாகச் செய்தால் பழகிவிடுவான் என்றேன்.

“எப்பப் பழகுறது? கிட்ட வரவே விடலையே நீ. இப்ப எனக்கு உன்னை விட்டா வழி இல்ல. அதுக்குத்தான் கூப்பிடறேன். வேற ஒண்ணுக்கும் இல்ல.”

உள்ளே போனேன். ஸ்டூல் போட்டிருந்தது. என்னைக் கண்டதும் அவன் தானாக வந்து உட்கார்ந்து, தலையை என் மடியில் சாய்த்து, நான் சத்தம் போடுவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்தான். ஏழு இடம் வெறுமையாக, ஈறு இளஞ்சிவப்பாக ஆறிக்கொண்டிருந்தது. கண்ணை என் முகத்தில் வைத்து, எப்போதும்போலப் பார்த்தான். அவன் பல்லைக் கெடுத்தது யார் என்று அவனுக்குச் சொல்ல இந்த உலகத்தில் ஒரு வழியும் இல்லை. என் விரலைக் கடித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் வாயை இன்னும் நன்றாகத் திறந்து காட்டினான்.